பால்மா விளம்பரத்துக்கு நான் எழுதிய வரி

தன் மகனின் கால் சூம்பிப்போனதற்குத் தானே காரணம் என்று ஒரு தாயை நம்பவைத்தேன். அதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். இளம்பிள்ளைவாதம் ஒரு கிருமியால் வருவது, பால் குடிப்பதாலோ குடிக்காமல் விடுவதாலோ வருவதல்ல என்று எட்டாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் எடுத்தபோது கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். தெரிந்துகொண்டேதான் எழுதினேன். அந்த வாக்கியம் இரண்டு வருடங்களுக்கு மேல் தொலைக்காட்சியில் ஒலித்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அப்புத்தளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் உப அதிபர். இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளை மாவட்டத்துக்கு ஆசிரியனாக வந்தவன். போர் தொடங்கியபின் ஊர்ப்பக்கம் போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டேன். சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்ததால் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களை மொழிபெயர்க்க என்னைத் தேடி வருவார்கள். என் தமிழைப் பற்றி எனக்குக் கர்வம் இருந்தது. பரிசளிப்பு விழா மலர்களுக்கு வெளியே அதை யாரும் வாசித்ததில்லை என்ற குறையும் இருந்தது.

அந்த மகனின் கடை பெரகல சந்தியில் இருந்தது. வானொலி, தொலைக்காட்சி திருத்துகிறவன். சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், அப்போது மின்சாரம் இல்லை. ஒரு லயத்துக்கு ஒன்றோ இரண்டோ கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருக்கும். கார் பற்றரியில் ஓடும். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பற்றரிகள் எல்லாம் அவன் கடை வாசலுக்குச் சார்ஜ் ஏற்ற வந்துசேரும். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு முன் அவை வீடு திரும்பிவிட வேண்டும். அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். இடது கால் தொடையிலிருந்தே மெலிந்தது. நடக்கும்போது இடது கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி, அடுத்த அடியை எடுத்து வைப்பான். பார்க்கிறவர்களுக்கு அது கஷ்டமாகத் தெரியும். அவனுக்கு அதுதான் நடை. கூரையில் ஏறுவதற்கு அவனுக்குக் கால் வேண்டியதில்லை, கைகளால் ஏறிவிடுவான்.

என் வீட்டு அன்டனாவைத் திருப்ப அவன் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் தாயை முதலில் பார்த்தேன். கொழுந்து பறிக்கிறவர். கணவன் இறந்து பல வருடமாகியிருந்தது. விடுமுறை நாட்களில் மகனோடு வேலைக்கு வருவார். அவன் கூரையில் மூங்கிலைப் பிடித்துத் திருப்ப, அவர் என் முன்னறையில் பெட்டிக்கு எதிரே நின்று கத்தினார்.

"புள்ளி புள்ளியா வருதுடா! கோயில் பக்கம் திருப்பு!"

"இப்ப?"

"ஒடம்பு வந்துருச்சி, தலயக் காணோம்!"

"இப்ப?"

"ஆ, வந்துருச்சி, வந்துருச்சி! தொடாத! அப்புடியே நில்லு!"

"அப்புடியே நிக்கவா? அப்ப சோத்த மேல அனுப்பிரு!"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கேட்டீங்களா சார் இவன் பேச்ச," என்றார் என்னிடம். அந்தச் சிரிப்பை இங்கே எழுதுவதற்குக் காரணம், பிற்காலத்தில் அதை நான் பார்க்கவில்லை என்பதுதான்.

என்னிடம் படித்த ஒருவன் கொழும்பில் விளம்பரம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தான். ஒருநாள் வேனில் வந்து இறங்கினான். பிள்ளைகளுக்கான ஒரு பால்மாவுக்கு விளம்பரம் எடுக்கிறார்கள். ஒரு சிறுவன் பால் குடிக்கிறான். புல்வெளியில் கூட்டாளிகளோடு ஓடுகிறான். ஓரத்தில் கால் சூம்பிய ஒரு மனிதன் நின்று அவர்களைப் பார்க்கிறான். முப்பது செக்கன். சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஒரே படம், குரல் மட்டும் வேறு.

"நடிகர வச்சுப் பாத்தோம் சார். நொண்டுறது பொய்யாத் தெரியுது. உண்மையான ஆள் வேணும். கொஞ்சம் வாட்டசாட்டமா, பாத்தா ஐயோன்னு இருக்கணும்."

"எனக்கு ஒரு ஆளைத் தெரியும்," என்றேன். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

தமிழ் வசனம் எழுதும் பொறுப்பை அவன் எனக்குத் தந்தான். சிங்களத்தில் இருந்தது மிகச் சாதாரணமானது: உங்கள் பிள்ளையின் கால்களுக்கு இன்றே பலம் கொடுங்கள். அதை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தேன். அவன் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சரிதான் சார். ஆனா நெஞ்சுல தைக்கலயே. தமிழ்த் தாய்மாருக்கு இது பத்தாது."

என் தமிழ் பத்தாது என்று என்னிடம் படித்தவன் சொன்னது எனக்குச் சுட்டது. அவன் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்தேன்: "அன்று அந்தத் தாய் கொஞ்சம் கவனித்திருந்தால், இன்று இந்த மகனும் ஓடியிருப்பான்."

"சார், கொன்னுட்டீங்க!" என்றான் அவன். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரகலைக்குப் போய் அவனிடம் பேசினேன்.

"தம்பி, கொழும்பில இருந்து ஆக்கள் வந்திருக்கினம். உம்மைப் படம் எடுக்க ஆசைப்படுகினம்."

"என்னயவா? எதுக்கு சார்?"

"நீர் கூரையில ஏறி வேலை செய்யிறது எல்லாம். ரீவியில வந்தால் உம்மட கடைக்கும் நல்லது."

"பால்மா விளம்பரமின்னு சொன்னாங்களே?"

"அதுக்கிடையில இதுவும் வரும்," என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற பழக்கம் தோட்டத்தில் உண்டு. அந்தப் பழக்கத்தை நான் அன்று பயன்படுத்திக்கொண்டேன்.

அவர்களுடைய லயத்துக்குக் கீழே, பிள்ளை மடுவத்தின் முன்னால் படம் எடுத்தார்கள். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. முன்னால் சின்னதாக ஒரு புல்தரை உண்டு. முதலில் நான் சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவனைக் கூரையில் ஏறச் சொன்னேன். அவன் ஏறினான், தாய் கீழே நின்று கத்தினார், படப்பிடிப்புக்காரர்களே கமராவை ஆட்டிக்கொண்டு சிரித்தார்கள். பத்து நிமிடம் அதைப் பிடித்தார்கள். அதில் ஒரு செக்கன்கூட விளம்பரத்தில் வராது என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவனுடைய காற்சட்டையைத் தொடைவரை மடிக்கச் சொன்னார்கள்.

"காலு எதுக்கு சார்?" என்று அவன் கமராக்காரரிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டான்.

"ஆளை முழுசாக் காட்ட வேணுமாம்," என்றேன்.

புல்தரையில் பிள்ளைகளை ஓடவிட்டார்கள். அவன் ஓரத்தில் நின்று அவர்களை ஏக்கத்தோடு பார்க்க வேண்டும். அவனால் முடியவில்லை. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவனைத் தெரியும். "டிவி மாமா, டிவி மாமா" என்று அவனைச் சுற்றி ஓடினார்கள், அவன் சிரித்தான். அவனைக் கடந்து போங்கள், அவனைத் திரும்பிப் பார்க்காதீர்கள் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சரிப்படுத்தினார்கள். அவன் முகத்தைச் சரிப்படுத்த முடியவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் கிட்டப் போனேன்.

"தம்பி, உம்மட அப்பா செத்த நாளை நினைச்சுக்கொண்டு பாரும்," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைப் பார்த்தான். அந்த முகம்தான் விளம்பரத்தில் வந்தது.

முதல்முறை அது ஒளிபரப்பாகிய ஞாயிற்றுக்கிழமை அவன் தாய் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். லயத்துக்கே சொல்லியிருந்தார். கடலை அவித்து, தேங்காய் கீறிப் போட்டு, பெரிய சட்டியில் வைத்திருந்தார். அறைக்குள் இடமில்லாமல் ஆட்கள் வாசல்வரை நின்றார்கள். இருந்த ஒரே கதிரையில் என்னை உட்காரவைத்தார்கள். அவர் பெட்டிக்கு முன்னால், சிறுபிள்ளைகளுக்கிடையில், புதுச் சேலையில் இருந்தார். மகன் பற்றரிக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றான்.

படத்தின் முதல் இடைவேளையில் வந்தது. சிறுவன் ஓடினான். புல்தரையின் ஓரத்தில் முதலில் அந்தக் கால் மட்டும் தெரிந்தது, திரை முழுவதும். யாரோ வாசலிலிருந்து, "அட, நம்ம டிவிக்காரன் காலுடோய்!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு முகம். பிறகு ஒரு பெண்ணின் குரலில் என் வரி.

கைதட்டல் நின்றது. அடுத்த விளம்பரம் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னங்க சார் சொல்லுது? யாரு கவனிக்கலயாம்?"

"அது பொதுவாச் சொல்லுறது, அம்மா."

"என் மவனக் காட்டிட்டுத் தாயின்னு சொன்னா அது நான்தானுங்களே?"

பக்கத்துக் காம்பராவில், லயத்தின் அடுத்த அறையில், இருந்த பெண்ணுக்கும் அவருக்கும் தண்ணீர்க் குழாயடியில் பழைய சண்டை ஒன்று இருந்தது. அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டே, "நாம சொன்னா சண்டைக்கு வருவாங்க. இப்ப டிவியே சொல்லிருச்சி," என்றாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவளை அதட்டவும் இல்லை. படம் மறுபடி தொடங்கியது. நானும் படம் முடியும்வரை அந்தக் கதிரையில்தான் இருந்தேன். கடலையை யாரும் கேட்கவில்லை.

அந்த வரியை எழுதியது நான் என்று சொல்ல அன்று எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. ஏழு வருடங்கள் சொல்லவில்லை.

அந்த வருடங்களில் நடந்ததை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்தேன். அவன் காலைப் பார்த்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று, கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீடுகளில் அவனை உள்ளே கூப்பிடுவதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்தார்கள். முன்பு அவனைத் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது காலைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் ஒரு வீட்டில் பெட்டியைத் திருத்திப் போட்டுச் சரிபார்க்கும்போது அதே பெட்டியில் அவனுடைய கால் வரும். அதற்காக, சரிபார்க்கும்போது சத்தத்தை முழுவதும் குறைத்துவைக்கப் பழகிக்கொண்டானாம்.

தாயைப் பற்றித் தெரிந்தது பிறகுதான். நான் ஓய்வுபெற்றுப் பதுளையில் குடியிருந்த காலம். ஒரு வேலையாகப் பெரகலைக்குப் போனவன், மழைக்கு அவன் வீட்டில் ஒதுங்கினேன். லயத்துக்கு மின்சாரம் வந்திருந்தது. தாய் வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். அடுப்பங்கரை மாடத்தில் அந்தப் பால்மா டின் இருந்தது. ஒன்றல்ல, வெறும் டின்கள் ஏழெட்டு வரிசையாக, உப்பும் மிளகாயும் போட்டு. அந்த வீட்டில் குழந்தை இல்லை. அவர் ஒரு கிளாசில் மாவைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, கட்டி இல்லாமல் ஆற்றி, முப்பத்தைந்து வயது மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் வாங்கிக் குடித்தான். அவர் குனிந்து அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"தினமும் குடிக்கிறீரா?" என்று அவர் உள்ளே போனபின் கேட்டேன்.

"அந்த வெளம்பரம் வந்த மாசத்துல இருந்து சார். மொதல்ல டின்னத் தூக்கி வீசினேன். பொறுக்கிக்கிட்டு வந்து ராத்திரியெல்லாம் அழுதுச்சி. அதுக்கப்பறம் குடிக்கிறேன்."

அங்கேதான் சொன்னேன். "தம்பி, அந்த வசனம் நான் எழுதினது."

"தெரியும் சார்," என்றான்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல. அன்னைக்கு டிவியில அந்தப் பொம்பள பேசும்போது ஒங்க வாயும் கூடவே அசஞ்சிச்சி. எல்லாரும் படத்தப் பாத்தாங்க. நான் ஒங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஏன் தாயிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது நம்பாது சார். எழுதினவரு வந்து சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல நாளு எண்ணினேன். அப்பறம் விட்டுட்டேன்," என்றான்.

அன்றே தாயிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் கொழும்புக்குப் போனேன். கூரையில் அவன் நின்று எடுத்த அந்தப் பத்து நிமிடம் கிடைத்தால் அதைத் தாய்க்குப் போட்டுக் காட்டலாம், அதோடு போனால் சொல்வதற்கு இலகுவாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் அது தள்ளிப்போடுதல். என்னிடம் படித்தவன் இப்போது பெரிய அறையில் இருந்தான்.

"அந்த டேப்பா சார்? அதுக்கு மேல வேற எத்தனையோ எடுத்தாச்சே. வெளம்பரத்துக்கு வேண்டாததெல்லாம் வைக்கிறது இல்ல."

வந்தது நல்லதாகப் போயிற்று என்று ஒரு தாளை நீட்டினான். காலம் மாறிவிட்டது சார், இப்போது அப்படிப் பயங்காட்டுவதில்லை, பாருங்கள் என்றான். சக்கர நாற்காலியில் ஒரு சிறுவன். அதே பால்மாவைக் குடிக்கிறான். மேடையில் பரிசு வாங்குகிறான். மண்டபமே எழுந்து நின்று அழுகிறது. தமிழ் வசனம் நான்தான் எழுத வேண்டுமாம். தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எழுத இன்னொருவர் இருந்தார்.

இதை அவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "அப்ப எங்களப் பாத்துப் பயந்தாங்க, இப்பக் கும்பிடப் போறாங்களா? நல்லது சார். வூட்டுக்குள்ள வந்து டிவியப் பாருன்னு மட்டும் கூப்புட மாட்டாங்க."

அதன்பின் நான் விளம்பரங்களைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். கண் தெரியாதவர்கள் வந்தார்கள், யாரோ தருவதை வாங்கிக்கொள்ள. காப்புறுதி விளம்பரத்தில் ஒரு சக்கர நாற்காலி வந்தது, உங்களுக்கும் இப்படி ஆகலாம் என்று சொல்ல. அவர்களில் ஒருவர்கூடப் பற்பசை வாங்கவில்லை. பிஸ்கற் தின்னவில்லை. மழைக்கு ஒதுங்கித் தேநீர் குடிக்கவில்லை. இந்த வேலையை நானும் ஒருகாலம் செய்தேன், திறமையாகச் செய்தேன்.

கடைசியில் தாயிடம் போனேன். மகன் கடையில் இருந்தான். வாசலில் விறகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அம்மா, அந்தப் பால்மா விளம்பரத்தில வந்த வசனம் நான் எழுதினது. அது பொய். தம்பியின்ட கால் போனதுக்கு உங்கட பிழை ஒண்டும் இல்லை. அது ஒரு கிருமியால வந்த வருத்தம்."

அவர் விறகைக் கீழே வைத்தார். "உள்ளுக்கு வாங்க சார். வெயில்ல நிக்கிறீங்க," என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்து மறுபடி சொன்னேன். நான் சொல்லி முடியும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னார். இதை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை என்றார்.

"அன்னைக்கு விடியும்போதே ஒடம்பு நெருப்பாக் கொதிச்சிச்சிங்க. ரெண்டு வயசு. வேலைக்குப் பேரு பதியுற பெரட்டுக்குப் போயி வரிசையில நின்னு கணக்கப்புள்ளகிட்டச் சொன்னேன், புள்ளைக்குக் காச்சல், இன்னைக்கு வேலைக்குப் போகலன்னு. 'இந்த மாசமே ரெண்டு நாளு நின்னுட்ட, இன்னைக்கும் நின்னா பேர வெட்டிருவேன்'னாரு. மடுவத்துல ஆயம்மாகிட்ட விட்டுட்டு மலைக்குப் போயிட்டேன். பாலும் குடுக்கல. மாருல பாலு வத்திப்போச்சு. அந்தியில வந்து தூக்குறேன், காலு தொங்குது."

"மடியில வச்சிருந்தாலும் அது வந்திருக்கும், அம்மா."

"இருவத்தஞ்சு வருசமா ஒருத்தரும் என்னய அதக் கேக்கலீங்க. அந்த டிவிதான் கேட்டிச்சி." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நல்லவரு. என் மனசு ஆறட்டுமின்னு பழிய ஒங்க தலையில போட்டுக்கிறீங்க. யாருங்க அப்புடிச் செய்வாங்க?"

என் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் எனக்கு நன்றி கிடைத்தது. வெறும் தேநீரும் கருப்பட்டியும் தந்து அனுப்பினார்.

பதுளை ஆஸ்பத்திரியில் வேலைசெய்த டாக்டர் ஒருவர் என் ஊர்க்காரர். அவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். தாய் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். மறுநாள் காலை கிளாஸ் வந்தது என்று மகன் சொன்னான்.

"டிவி சொன்னத டிவி சொன்னாத்தான் சார் அது நம்பும்," என்றான் அவன். பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

வெலிமடையிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரை வரவழைத்தோம். தாய் இல்லாத நேரம் பார்த்து, கடைக்குப் பின்னால் வெள்ளைச் சுவருக்கு முன் என்னை நிறுத்தினான். நான் இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தேன். அவன் வாங்கி வாசிக்காமலே மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

"எழுத வேணாம் சார். நீங்க எழுதினா நல்லா வந்துரும். சும்மா பேசுங்க."

பேசினேன். திக்கித் திக்கி, நான்கு நிமிடம் வந்தது. அந்தத் தாய் பிழை செய்யவில்லை, பிழை செய்தது அதை எழுதிய நான் என்று சொன்னேன். பிறகு அவன் கூரையில் ஏறி நின்று அன்டனாவைத் திருப்புவதையும் எடுத்துச் சேர்த்தோம். கீழே நின்று கத்த யாருமில்லை. அவன் தானாகவே திருப்பித் தானாகவே இறங்கினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பராக்காரர்கள் வழக்கம்போலப் படம் பார்க்க வந்திருந்தார்கள். குழாயடிச் சண்டைக்காரியும் இருந்தாள். அவர்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தோம். அவன் கசெட் போடும் வீடியோ டெக் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, வயரைச் சுவரோரமாக இழுத்து, முன்பே எல்லாவற்றையும் பொருத்தியிருந்தான். இடைவேளை வந்ததும் கட்டிலுக்குக் கீழே கையை விட்டான். திரையில் நான் வந்தேன்.

நான்கு நிமிடமும் நான் என் முகத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். அவர் கூர்ந்து பார்த்தார். முடிந்ததும் சண்டைக்காரி அழுதுவிட்டாள். "அக்கா, அன்னைக்கு என் வாய் சும்மா இருக்காம நான்தான் ஒன்னயப் பேசிட்டேன்," என்று வந்து அவர் கையைப் பிடித்தாள். அவளுடைய புருஷன் என்னைப் பார்த்து, "படிச்ச மனுசன் செய்யுற வேலையா சார் இது?" என்றான். எனக்கு அது வேண்டியிருந்தது. அறையில் இருந்த எல்லோரும் நம்பினார்கள்.

அவர் மகனிடம் திரும்பி, "டெக்க எங்கடா ஒளிச்சி வச்சிருக்க?" என்றார்.

"எந்த டெக்கு?"

"எனக்குத் தெரியாதா? மூலையில எப்பவும் டிவிக்காரங்க சின்னம் ஒண்ணு நிக்குமே, அது இல்லியே. டெக்குல போட்டா யாரு வேணா வரலாம். அது அங்க இருந்து வரணும்." விரலைக் கூரைக்கு மேலே, அன்டனா இருக்கும் பக்கம் காட்டினார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எத்தனையோ வருடம் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று படம் தெரிகிறதா இல்லையா என்று சொல்லியவர். அதை நாங்கள் இருவருமே மறந்துபோனோம்.

பிறகு என்னிடம், கோபமில்லாமல், "சார் இதுக்காக வெலிமடையில இருந்து ஆளெல்லாம் கூட்டிட்டு வந்து செலவழிச்சிருக்கீங்க. எனக்காக யாரு இவ்வளவு செய்வா?" என்றார். எழுந்து அடுப்படிக்குப் போனார். வெந்நீர் ஊற்றும் சத்தம் கேட்டது. இரண்டு கிளாசோடு வந்தார். ஒன்றை மகனிடம் கொடுத்தார். மற்றதை எனக்கு நீட்டினார்.

"எப்பவும் வெறும் டீதான் குடுக்கிறேன். இன்னைக்கு நீங்களும் இதக் குடிங்க."

குடித்தேன். நன்றாக இனித்தது. அவன் என்னைப் பார்க்காமல் தன்னுடையதைக் குடித்து முடித்தான். அவர் குனிந்து அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து அவர் இறந்தார். நெஞ்சில் சளி கட்டி, தியத்தலாவை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்து போனார். செய்தி வந்து நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். கருமாதி முடிந்த மறுவாரம் அவன் வீட்டுக்குப் போனேன். தனியாக இருந்தான். மாடத்தில் டின்கள் அப்படியே இருந்தன. முன்னால் இருந்த டின்னில் கரண்டி கிடந்தது. மா ஈரமாக ஒட்டியிருந்தது.

"இப்பவும் குடிக்கிறீரா?" என்றேன்.

"டின்னுல மிச்சம் இருந்திச்சி சார்," என்றான். "அம்மா தொறந்த டின்னு. முடியட்டுமின்னு குடிக்கிறேன்."

அது எப்போது முடிந்தது என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுப் பெட்டி பழுதானால் இன்றும் அவன்தான் பெரகலையிலிருந்து பஸ்ஸில் பதுளைக்கு வருகிறான். திருத்தி முடித்து, சத்தத்தை முழுவதும் குறைத்து, படம் தெரிகிறதா என்று தானே பார்க்கிறான். என்னிடம் கேட்பதில்லை. நான் பக்கத்தில் நிற்கிறேன்.